அம்மாவைச் சாமியாக்கிய வீடு

ஞாயிறு, 26.7.1998

அன்புள்ள அத்தானுக்குப் பூங்கொடி எழுதுகிறேன்.

உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை. கவரைப் பிரித்ததும் நீங்கள் பதறக் கூடாது என்பதற்காக அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அக்கா போனபோது உங்களுக்கு வந்த தந்தியே இந்த ஜென்மத்துக்குப் போதும்.

போனில் சொல்லியிருக்கலாம். ஊரில் இருக்கிற ஒரே போன் உங்கள் அண்ணன் பெரியத்தானின் உரக்கடையில் இருக்கிறது. நாம் பேசப் பேச அவர் எதிரில் உட்கார்ந்து நம் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். அதனால்தான் கடிதம். பதிலையும் வீட்டு முகவரிக்கு எழுதாதீர்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வருமுன் கோவில்பட்டியில் நான் வேலை பார்த்த ஜெராக்ஸ் கடைக்கு, என்னோடு வேலை பார்த்த முத்துச்செல்வி பெயர் போட்டு எழுதுங்கள். அவள் பிரிக்காமல் என்னிடம் கொடுப்பாள்.

முதலில் பிரபுவைப் பற்றி. பையன் திரும்பவும் டவுசரில் ஒன்றுக்குப் போக ஆரம்பித்திருக்கிறான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். உள்வீட்டுக்குள் போகச் சொன்னால் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நகர மாட்டேன் என்கிறான். காரணம் எனக்கு இந்த மாதம்தான் பிடிபட்டது. தாலியோடு போனவளைச் சாமியாக்கிக் கும்பிடுவது உங்கள் வீட்டு வழக்கம். அரக்குச் சேலையும் வளையலும் மஞ்சளும் வைத்த ஓலைப்பெட்டி உள்வீட்டு மூலையில் இருக்கிறது. அதற்கு விளக்கும் வைக்கிறோம். அதில் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் மதினி முப்பிடாதி அக்கா அந்தப் பெட்டியைக் காட்டியே அவனுக்குச் சோறு ஊட்டுகிறார். "ஏலே, மிச்சம் வைக்காதே. ஒங்கம்மா இப்ப சாமி. பாத்துக்கிட்டேதான் இருக்கா. கண்ணைக் குத்திப்புடுவா." அழுதாலும் இதே பாட்டுத்தான். "சாமி வீட்டுல அழுகக் கூடாதுலே, அவளுக்குக் கோவம் வரும்."

ஒருநாள் அவன் என் காதுக்குள் வந்து கேட்டான்: "சித்தி, நான் வெளிக்கிப் போகையிலயும் அம்மா பாப்பாளா?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை. பெற்ற தாயை நினைத்தால் பிள்ளைக்குப் பயம்தான் வருகிறது. இதைத்தான் எல்லோருமாகச் சேர்ந்து சாதித்து வைத்திருக்கிறோம்.

இனி சுந்தரி. உங்கள் மகள் ஒருநாளும் அழவில்லை என்பது உங்களுக்குத் தெரியுமா? அக்கா உடலைக் கொண்டுவந்து இறக்கியபோதே முப்பிடாதி அக்கா அவள் காதில், "நீ வயசுக்கு வந்த புள்ள. நீ அழுதா தம்பி பயந்துருவான். வாயை மூடிக்கோ" என்று சொல்லியிருக்கிறார். பிள்ளை அப்படியே வாயை மூடிக்கொண்டது. நீங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்து சூரத்துக்கு ரயிலேறிய பிறகும் மூடிய வாய் திறக்கவில்லை. சமைத்தாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள், பத்தாம் வகுப்பு போய் வந்தாள். தெருவே மெச்சியது. "என்னா தைரியமான புள்ள" என்றார்கள். நானும் மெச்சினேன், அத்தான்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெரியத்தான் கோடாங்கியைக் கூப்பிட்டார். அக்கா மனக்குறை இல்லாமல் போனாளா, வீட்டுக்கு என்ன சொல்கிறாள் என்று கேட்க வேண்டுமாம். பிள்ளைகளை முன்னால் உட்கார வைக்க வேண்டாம் என்று சொன்னேன். பெரியத்தான், "பெத்தவ பேசுதத புள்ளைய கேக்காம வேற யாரு கேக்கது?" என்றார். எங்கள் அப்பாவும் கழுகுமலையிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார். அவரும் தலையாட்டினார்.

கோடாங்கி உடுக்கை அடித்துக் குரலை மாற்றி, சீனித்தாய் அக்காவாகவே பேசினார். என்ன பேசினார் என்பதை உங்கள் அண்ணன் போனில் சொல்லியிருப்பார். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார் என்பதையும் சொல்லியிருப்பார். அதை நான் எழுதப்போவதில்லை.

நடுவில் சுந்தரி எழுந்து நின்றாள். "எங்கம்மா என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவா? சொல்லும் பாப்போம்" என்று கேட்டாள். கோடாங்கி கண்ணைத் திறக்காமல், "மகளே" என்றார். இந்தப் பிள்ளை சிரித்தது. அது சாதாரணச் சிரிப்பில்லை. சிரித்துக்கொண்டே போய் உடுக்கையைப் பிடுங்கி முற்றத்தில் வீசினாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு கீழே விழுந்து, தலையைத் தரையில் மோதி மோதிக் கத்தினாள்: "அம்மாவ நான்தாம் கொன்னேன். நான்தாம் கொன்னேன். வேற யாரும் இல்ல."

நான் ஓடிப்போய்த் தலைக்குக் கீழே கையைக் கொடுத்தேன். மற்றவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கோடாங்கி சுதாரித்துக்கொண்டு, "பெத்த புள்ள இப்படிச் சொல்லுமா? இது புள்ள பேசல. சீனித்தாயக் காவு வாங்குன பேயி தன் வாயாலயே ஒத்துக்கிடுது, கேட்டீயளா" என்றார். எல்லோரும் நம்பிவிட்டார்கள். வேப்பங்குலையால் அடித்தார்கள், அத்தான். நான் குறுக்கே விழுந்ததில் என் மேலும் பட்டது. அவளுக்கு முதுகெல்லாம் வரிவரியாகத் தடித்திருக்கிறது.

மறுநாள் எண்ணெய் போட்டுக்கொண்டே கேட்டேன். இப்போதுதான் சொல்கிறாள். மாசியில் மாட்டுத் தீவனம் அடுக்கிய படப்பிலிருந்து சோளத்தட்டையை உருவும்போது அக்காவைப் பாம்பு கடித்தது உங்களுக்குத் தெரியும். அக்கா ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றுதான் சொல்லியிருக்கிறாள். உங்கள் அண்ணன், "முதல்ல மந்திரிச்சு விஷத்த எறக்குவோம். ஏட்டி, ஓடிப்போயி மந்திரிக்கிறவரக் கூட்டியா" என்று சுந்தரியை விரட்டியிருக்கிறார். பிள்ளை பக்கத்து ஊருக்கு ஓடியிருக்கிறது. வழியில் கோவில்பட்டி போகிற பஸ் எதிரே வந்தது. டிரைவர் வேகத்தைக் குறைத்து, ஏறுகிறாயா என்று கேட்டிருக்கிறார். "நான் கைய ஆட்டிப் போகச் சொல்லிட்டேன் சித்தி. பாம்பு கடிச்சா நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்னு டீச்சர் பாடத்துல சொல்லிக் குடுத்திருந்தாக. பரிட்சைல எழுதி முழு மார்க் வாங்கினேன். பஸ்ஸ நிறுத்தி ஏறி வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தா அம்மாவ அதுல ஏத்தியிருக்கலாம்லா?"

மந்திரித்துப் பார்த்து, ஆகாது என்று தெரிந்து, கார் பிடித்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அவளை அனுப்பியவர் உங்கள் அண்ணன். கடிவாயில் திருநீறு பூசியது இன்னொரு பெரிய மனிதர். வேடிக்கை பார்த்தது தெரு. இவர்களில் ஒருவருக்கும் 'நான்தான்' என்று சொல்ல வாய் வரவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை சொல்கிறது, சொன்னதற்கு அடியும் வாங்குகிறது. அன்றைக்கு விஷத்துக்கு மந்திரம். இன்றைக்குத் துக்கத்துக்கு மந்திரம். இந்த ஆட்கள் எப்போதுதான் ஒரு டாக்டரை, ஒரு டீச்சரைக் கேட்பார்கள்?

சுந்தரியை இனிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அடுத்து என்ன செய்வார்கள் என்று பயமாக இருக்கிறது. ஒரு வாரம் லீவு போட்டு வாருங்கள். வர முடியாவிட்டால் சுந்தரிக்கு ஒரு கடிதமாவது எழுதுங்கள். அவள் செய்ததில் தப்பில்லை என்று உங்கள் கையெழுத்தில் அவள் படிக்க வேண்டும். நான் சொல்லிப் பார்த்தேன். என் வார்த்தை அவளுக்குப் போதவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். உங்கள் கடிதத்தை எதிர்பார்த்திருக்கும்,

கொழுந்தியாள் பூங்கொடி


வியாழன், 6.8.1998

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் நேற்று முத்துச்செல்வி கையில் கிடைத்தது. கடையிலேயே நின்று படித்தேன்.

'அண்ணன் பெரியவர், அவர் பார்த்துச் செய்வார்' என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைகளுக்கு ஆடித் தள்ளுபடியில் நல்ல துணி எடுத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறீர்கள். அழக் கூடாது, தைரியமாக இருக்க வேண்டும் என்று அவர்களிடம் சொல்லச் சொல்லியிருக்கிறீர்கள். துணி எடுத்துத் தருகிறேன். அழக் கூடாது என்று மட்டும் சொல்ல மாட்டேன். அதைச் சொல்லிச் சொல்லித்தான் இந்த நிலைக்கு வந்திருக்கிறோம். சுந்தரிக்கென்று நீங்கள் தனியாக ஒரு வரியும் எழுதவில்லை. 'அப்பா கடுதாசி வந்துச்சா சித்தி' என்று அவள் கேட்டால் என்ன சொல்வது என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

கோடாங்கி சொன்ன அந்த இன்னொரு விஷயத்தைப் பற்றியும் நீங்கள் எழுதவில்லை. சரி என்றும் இல்லை. வேண்டாம் என்றும் இல்லை. தெருவில் பெண்கள் என்னைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. பிரபுவுக்கு, என்னை அம்மா என்று கூப்பிடச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அவன் வாய் திறக்காமல் என் முகத்தைப் பார்க்கிறான். கூப்பிட்டால் உள்வீட்டில் இருக்கிற அம்மா கண்ணைக் குத்துவாளோ என்று பயம்.

உங்கள் பதில் வருவதற்கு முன்பே நான் ஒரு காரியம் செய்தேன். அது உங்கள் காதுக்கு வேறு மாதிரி வந்து சேரும் என்பதால் நானே சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு பிள்ளைகளையும் சுடுகாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

பெண்கள் போகக் கூடாது என்பது தெரியும். எதற்காகப் போனேன் என்றால், பிரபு ஒன்று சொன்னான். "மொட்டை போட்ட அன்னிக்கு என்னைப் பெரியப்பா தூக்கிட்டுப் போனாக. திரும்பி நிக்கச் சொன்னாக. கையில தீயக் குடுத்துப் பின்னால வைக்கச் சொன்னாக. என்னத்தப் பத்த வச்சேன் சித்தி?" ஐந்து மாதமாக இந்தக் கேள்வியை வயிற்றுக்குள் வைத்திருந்திருக்கிறான். கொள்ளி வைத்தவனுக்கே எதற்கு வைத்தோம் என்று தெரியாது. நீங்கள் வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது; உங்களையும் குறை சொல்ல முடியாது.

ஓடைக்கரையில் தகரக் கூரை போட்ட இடம். சுற்றிலும் வேலிக்கருவை. கரிசல் மண் ஆடிக் காற்றில் பறந்து கண்ணெல்லாம் விழுந்தது. பிரபு இடத்தைக் கண்டுபிடித்துவிட்டான். "இங்கனதான்" என்றான். நான் மறைக்கவில்லை. அம்மாவைப் பாம்பு கடித்து அவள் செத்துப்போனாள், செத்த உடம்பு கெட்டுப்போகும் என்பதால் எரித்துவிடுவார்கள், பிள்ளைதான் தீ வைக்க வேண்டும், நீ சரியாகத்தான் செய்தாய் என்று சொன்னேன்.

"அம்மாவுக்குச் சுட்டுச்சா?" என்றான்.

சுடாது, செத்த பிறகு கொசு கடித்தாலும் தெரியாது என்றேன். அடுத்து, அம்மா இப்போது எங்கே என்று கேட்டான். அந்த இடத்தில் அக்காவுக்குப் பிறகு வேறு ஆட்களையும் எரித்துவிட்டார்கள். காட்டுவதற்கு ஒரு பிடிச் சாம்பல்கூட இல்லை. "இல்லடா. இனிமே வர மாட்டா. ஒன்னப் பாத்துக்கிட்டும் இல்ல, ஒம்மேல கோவமாவும் இல்ல" என்றேன். கூடுதலாகச் சொல்லிவிட்டோமோ என்று தோன்றியது. சின்னப் பிள்ளை எவ்வளவு தாங்கும் என்று எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

அவன் முகம் கோணியது. பெரியவர்கள் இருக்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தான். சுந்தரி அவனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, "அழுலே. நல்லா சத்தமா அழு. இங்கன கேக்க ஒருத்தரும் இல்ல" என்றாள். மூக்குச்சளி ஒழுக, ஏங்கி ஏங்கி அழுதான். பசியில் அழுவதுபோல் வயிற்றிலிருந்து வந்த அழுகை. அன்று சாயங்காலம் ஒரு தட்டுச் சோற்றை ஒருத்தரும் பயமுறுத்தாமல் தின்றான். உள்வீட்டுக்குள்ளும் தானாகப் போய், ஓலைப்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "சேலதான் இருக்கு" என்று வந்து சொன்னான். டவுசர் நனைவது இன்னும் முழுதாக நிற்கவில்லை. நின்றுவிட்டது என்று பொய்யாக எழுத மாட்டேன்.

ஆனால் சுந்தரி அழவில்லை, அத்தான். தம்பியை அழ வைத்தாள், முதுகைத் தடவிக் கொடுத்தாள், தன் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. திரும்பி வரும் வழியில் என்னிடம் கேட்டாள்: "அப்பாவுக்கு எம்மேல கோவமா சித்தி? அதான் பதினாறு முடிஞ்சதும் போயிட்டாகளா? வந்த அன்னிக்கு அந்தப் படப்பக் கொளுத்துனாகல்லா. எம்மேல இருந்த கோவத்தத்தான் அதுமேல காட்டுனாக. எம் மூஞ்சியக்கூட ஏறிட்டுப் பாக்கல."

நீங்கள் படப்புக்குத் தீ வைத்தது எனக்கும் நினைவிருக்கிறது. மாட்டுத் தீவனமெல்லாம் போச்சு என்று பெரியத்தான் கத்தினார். நீங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அது அடங்கும்வரை நின்றீர்கள். தாங்க முடியாமல்தான் செய்தீர்கள் என்று எனக்குப் புரிந்தது. ஆனால் நீங்கள் ஒரு வார்த்தை பேசாமல் நின்றதைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை தனக்குத் தெரிந்த விதத்தில் அதற்கு அர்த்தம் செய்துகொண்டது. அழுகை வந்தால் ஆண்கள் எதையாவது கொளுத்துகிறீர்கள், இல்லையென்றால் ரயிலேறிவிடுகிறீர்கள். அதைத் துக்கம் என்று பிள்ளைகள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? இப்படி எழுதுவதற்குக் கோபிக்காதீர்கள். கோபித்தாலும் பரவாயில்லை.

சுடுகாட்டுக்குப் போனதை ஆடு மேய்க்கிறவர்கள் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். முப்பிடாதி அக்கா தெருவே கேட்கக் கத்தினார். "கொமரியச் சுடுகாட்டுக்குக் கூட்டிட்டுப் போவாளா ஒருத்தி? இருந்த பேயி ஒண்ணு, கூட ஒண்ணையும்லா கூட்டியாந்திருக்கா! படிச்ச மூதி!" நான், "ஆமாக்கா, அங்க கூட்டம் கம்மி. இங்க மாதிரி இல்ல" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. வாய் நிற்கவில்லை.

இப்போது நடக்கப்போவதைக் கேளுங்கள். ஆடி கடைசி வெள்ளிக்கிழமை, வருகிற பதினான்காம் தேதி, சுந்தரியைக் கிழக்கே ஒரு கோவிலுக்குக் கொண்டுபோவதென்று பெரியத்தான் வேன் பேசியிருக்கிறார். பேய் இறங்கும்வரை அங்கேயே விட்டுவிட்டு வருவார்களாம். இறங்குவதற்கு ஒரு மாதமும் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாமாம். மேலத்தெருவிலிருந்து ஒரு பெண்ணை அப்படித்தான் கொண்டுபோனார்கள். காலில் சங்கிலித் தழும்போடு திரும்பி வந்தாள். இன்றைக்கும் ஆண் குரல் கேட்டால் சுவரோடு ஒட்டிக்கொள்கிறாள். சுந்தரிக்கு இன்னும் விஷயம் தெரியாது. குலதெய்வம் கோவிலுக்குப் போகிறோம் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆனால் மோப்பம் பிடித்துவிட்டாள். நேற்று, "நான் பேயின்னு ஒத்துக்கிட்டா விட்ருவாகளா சித்தி?" என்று கேட்டாள்.

சித்திக்கு என்ன அதிகாரம் என்று பெரியத்தான் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார். கட்டிக்கொண்டு வந்தால் அதிகாரம் தானாக வரும் என்றும் சொன்னார். எங்கள் அப்பா பக்கத்தில்தான் நின்றார். என்னைப் பார்க்காமல் துண்டை உதறினார். போலீசுக்குப் போகலாமா என்று முத்துச்செல்வியிடம் கேட்டேன். தகப்பன் சம்மதம் இருக்கிறது என்று உங்கள் அண்ணன் சொன்னால் அவர்கள் என்ன செய்வார்கள் என்று அவள் கேட்டாள். உங்கள் சம்மதம் இருக்கிறதா, அத்தான்? கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். எனக்குத் தெரியவில்லை.

சுந்தரிக்கு சீரியஸ் என்று பொய்த் தந்தி கொடுத்தால் ஓடி வருவார் என்றும் முத்துச்செல்வி சொன்னாள். எனக்கு மனம் வரவில்லை. இந்த வீட்டில் இனி யாரையும் பொய் சொல்லி வரவழைக்கவும் வேண்டாம், பொய் சொல்லி அனுப்பவும் வேண்டாம். உண்மையைத்தான் எழுதியிருக்கிறேன். அதைப் படித்துவிட்டுத்தான் நீங்கள் வர வேண்டும்.

இந்தக் கடிதம் திங்கட்கிழமைக்குள் உங்கள் கைக்கு வர வேண்டும். அன்றைக்கே கிளம்பினால் வியாழக்கிழமை காலைச் சென்னை வண்டியில் வந்துவிடலாம். வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில் டி.சி. கேட்கப் போகிறோம் என்று சொல்லி இரண்டு பிள்ளைகளையும் முதல் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு கோவில்பட்டி ரயிலடிக்கு வந்துவிடுவேன். டி.சி. என்றால் விட்டுவிடுவார்கள். படிப்பை நிறுத்துகிற காரியத்துக்கு இந்த வீட்டில் தடை கிடையாது. பாருங்கள், நானும் ஒரு பொய் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

நீங்கள் இறங்கினால், அண்ணனிடம் சண்டை போட வேண்டும் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. அது உங்கள் பாடு. முதலில் சுந்தரியைப் பாருங்கள். பஸ்ஸை அனுப்பியது அவள் தப்பில்லை என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். அக்காவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே என்ற ஆற்றாமை உங்களுக்கு எவ்வளவு இருக்கிறதோ, அதை அவர்களுக்கு முன்னால் காட்டுங்கள். பிளாட்பாரத்தில் ஆட்கள் இருப்பார்கள். இருக்கட்டும். நீங்கள் அழுதால் அவள் அழுவாள். வேறு யார் அழுதாலும் அழ மாட்டாள். ஐந்து மாதமாகப் பார்த்துவிட்டேன்.

நீங்கள் இறங்காவிட்டால் பிள்ளைகளைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போக மாட்டேன். எங்கே போவேன் என்று இப்போது எழுதவில்லை, எனக்கே இன்னும் தெரியாது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினாள் என்று ஊர் பேசும். பேசிக்கொள்ளட்டும்.

எதையாவது நல்லபடியாகச் சாப்பிட்டுவிட்டு வண்டி ஏறுங்கள். வழியில் கண்ட தண்ணீரைக் குடிக்காதீர்கள். வியாழக்கிழமை காலையில் மூன்று பேரும் நிற்போம். பிரபு முன்னால் நிற்பான். சுந்தரி பின்னால்தான் நிற்பாள். அவளிடம் முதலில் போங்கள், அத்தான்.

இப்படிக்கு,
சீனித்தாய் பெற்ற பிள்ளைகளுக்கு என்றைக்கும் சித்தியாக மட்டுமே இருக்கப்போகிற
பூங்கொடி